குமிழ் கியர் ஆகாது

போன மாதம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் ஒரு லேத்தைப் பார்த்தேன். நாலரை அடி பெட். பழைய மெஷின்தான், ஆனால் தேய்த்துக் கழுவிப் பச்சைப் பெயின்ட் அடித்து மாப்பிள்ளை போல நிறுத்தியிருந்தார் அதை வாங்கிய தம்பி. அவர் பகலில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறவர், ராத்திரியில் கடைசல் பழகுகிறவர். பெருமையோடு ஹெட் ஸ்டாக் மூடியைத் திறந்து காட்டினார். பேக் கியர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

"அது எதுக்குங்ணா இனி? டிரைவ் போட்டாச்சுங்களே. குமிழத் திருப்புனா எந்த ஸ்பீடு வேணும்னாலும் வருது. பெல்ட்டக்கூடத் தொட வேண்டியதில்லீங்ணா."

பேக் கியர் ஷாஃப்டும் அதன் சக்கரங்களும் உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயிருந்தன.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிரைவ் விற்கிறவர் சொல்கிறார், மாட்டித் தருகிறவர் சொல்கிறார், வீட்டில் லேத் வைத்திருக்கிற நண்பர்கள் அத்தனை பேரும் சொல்கிறார்கள்: வி.எஃப்.டி. என்கிற இந்த டிரைவ் வந்துவிட்டால் பெல்ட்டும் கியரும் பழங்கதை. மாட்டுவதும் பெரிய வித்தை இல்லை, உள்ளே இரண்டு ஒயர், வெளியே மூன்று ஒயர், பத்து நிமிட வேலை. இந்த இரண்டும் தப்பு என்பதுதான் என் கட்சி. டிரைவுக்கு எதிரி என்று என்னை நினைத்துவிட வேண்டாம். என் லேத்தில் 9 வருடமாக டிரைவ் ஓடுகிறது, யார் கேட்டாலும் கழற்றித் தர மாட்டேன். நல்ல சாமானைப் பற்றிப் பொய் சொல்லி விற்கும்போதுதான் அதிகம் எரிச்சல் வருகிறது.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். வீட்டு ஒற்றை பேஸ் 230 வோல்ட்டை வாங்கி, டி.சி. ஆக்கி, கப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட்டாகத் தேக்கி வைக்கிறது. அதைத் துண்டு துண்டாக நறுக்கி மூன்று பேஸாக மோட்டாருக்கு அனுப்புகிறது. 50 ஹெர்ட்ஸில் 230 வோல்ட், 25 ஹெர்ட்ஸில் சுமார் 115 என்று இரண்டையும் சேர்த்தே ஏற்றி இறக்குகிறது. அதனால் மோட்டாரின் காந்தப் பலம் குறையாமல் நிற்கிறது. ஷாஃப்டில் கிடைக்கும் டார்க்கும் அப்படியே நிற்கிறது. டிரைவ் தரும் வரம் அவ்வளவுதான். டார்க் அதே அளவில் இருக்க, வேகம் பாதியானால் பவர் பாதி. வேகம் ஐந்தில் ஒன்றானால் பவரும் ஐந்தில் ஒன்று. ஒரு எச்.பி. மோட்டாரை 10 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறவர் கையில் இருப்பது 150 வாட். நம் வீட்டு மிக்ஸிக்குக் கூட அதைவிடச் சத்து அதிகம்.

பெல்ட்டும் பேக் கியரும் செய்வது வேறு வேலை. அவை வேகத்தைக் குறைக்கிற அதே விகிதத்தில் டார்க்கைப் பெருக்கித் தருகின்றன. உராய்வில் போகிற கொஞ்சத்தைத் தவிர முழு எச்.பி.யும் சக்குக்கு வந்து சேர்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுகிற பஸ்ஸை டாப் கியரிலேயே மெதுவாக ஓட்டி ஏற்றச் சொல்லிப் பாருங்கள். டிரைவர் உங்களை முதல் வளைவிலேயே இறக்கி விட்டுவிடுவார்.

கணக்காகவே போடலாம். அந்தத் தம்பியின் லேத்தும் என் லேத்தும் ஒரே ஜாதி. மூன்று படிக் கோன் புல்லி. நேர் ஓட்டத்தில் 250, 400, 640 ஆர்.பி.எம். பேக் கியர் போட்டால் 40, 64, 102. மோட்டார் ஒரு எச்.பி., 1440 ஆர்.பி.எம்.; அதன் முழு டார்க் 5 நியூட்டன் மீட்டர். இப்போது 100 மில்லி விட்டமுள்ள ஒரு எம்.எஸ். துண்டை எச்.எஸ்.எஸ். டூலால் கடைய வேண்டும். நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சக் 80 ஆர்.பி.எம்.மில் சுற்ற வேண்டும். வெட்டு 2 மில்லி ஆழம், ஒரு சுற்றுக்கு 0.2 மில்லி ஃபீடு. எம்.எஸ்.ஸுக்குச் சதுர மில்லிக்கு ஏறத்தாழ 2000 நியூட்டன் விசை வேண்டும். அப்படியானால் டூல் முனையில் 800 நியூட்டன், அதாவது சுமார் 80 கிலோ. ஆரம் 50 மில்லி. சக்கில் வேண்டிய டார்க் 40 நியூட்டன் மீட்டர்.

தம்பி பெல்ட்டை நடுப்படியில் நிரந்தரமாக மாட்டிவிட்டார். அங்கே 80 ஆர்.பி.எம். வேண்டுமென்றால் 10 ஹெர்ட்ஸ். புல்லி விகிதம் 3.6, சக்குக்கு வருவது 18 நியூட்டன் மீட்டர். வேண்டியது 40. டூல் பட்ட உடனே சக் நிற்கும், டிரைவ் ஏதோ ஒரு எரர் எழுத்தைக் காட்டும். நான் பேக் கியரைக் கோத்து, பெல்ட்டை 102 படியிலேயே விட்டு, டிரைவை 39 ஹெர்ட்ஸுக்கு இறக்குகிறேன். அதே 80 ஆர்.பி.எம்., சக்கில் 70 நியூட்டன் மீட்டர். சுருள் நீலம் பூத்துப் புகைந்துகொண்டு வருகிறது. ஒரே மோட்டார், ஒரே டிரைவ், ஒரே வேகம். இடையில் இருப்பது அவர் எடைக்குப் போட்ட இரும்பு.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில், "வெக்டார் மோட் இருக்குதுங்களே, லோ ஸ்பீடுலயே ஃபுல் டார்க் குடுக்கும்." குடுக்கும், உண்மைதான். டான்ஃபாஸ் கம்பெனி 1968-ல் முதன்முதலாகத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்ற டிரைவுக்கு இல்லாத சாமர்த்தியம் அது. காந்த ஓட்டத்தையும் டார்க் ஓட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்து ஆளும் இந்தக் கணிதம் 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவாகி வந்தது. பழைய முறையில் 3, 4 ஹெர்ட்ஸில் மோட்டார் தள்ளாடும். வெக்டாரில் உறுதியாக நிற்கும். ஆனால் அந்த 'ஃபுல் டார்க்' எதன் ஃபுல்? மோட்டாரின் அதே 5 நியூட்டன் மீட்டர்தான். நம் கணக்கில் அதைத்தான் ஏற்கெனவே முழுசாகக் கொடுத்திருக்கிறோம். ஒரு நிமிடத்துக்கு 150 சதவீதம் ஓவர்லோடு தாங்கும் என்று கேட்லாக்கில் போட்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 18 போய் 27 ஆகும். 40-க்கு இன்னும் 13 குறைகிறது.

அடுத்த பதில் கொஞ்சம் கனமானது. சி.என்.சி. மெஷினில் பேக் கியர் எங்கே இருக்கிறது? மோட்டார், பெல்ட், ஸ்பிண்டில், அவ்வளவுதானே? நல்ல கேள்வி. சின்ன சி.என்.சி. டர்னிங் சென்டரிலேயே ஸ்பிண்டில் மோட்டார் 5.5 கிலோவாட், 7.5 கிலோவாட் என்று இருப்பது சாதாரணம். அதற்குத் தனி ஃபேன் உண்டு. மோட்டார் மெதுவாகச் சுற்றினாலும் காற்று குறையாது. கனமான வேலைக்கான மெஷின்களில் இரண்டு ஸ்பீடு கியர் பெட்டியே வைக்கிறார்கள். கியரை எடுத்த இடத்தில் அவர்கள் மோட்டாரைப் பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம்: ஒரு எச்.பி. இருந்த இடத்தில் 3 எச்.பி. போட்டால் 10 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 450 வாட் கிடைக்கும், மேலே சொன்ன வெட்டு விழும். இதை மறுக்கவில்லை. ஆனால் 2.2 கிலோவாட் டிரைவ் முழு லோடில் ஒற்றை பேஸிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கார் ஷெட்டில் இருப்பது 16 ஆம்பியர் பிளக். மோட்டாரின் சொந்த ஃபேன் அதன் ஷாஃப்டிலேயே இருப்பதால் 10 ஹெர்ட்ஸில் அது பெயருக்குச் சுற்றும். அரை மணி நேரத்தில் மோட்டார் மேல் கை வைக்க முடியாது. இவற்றையும் சமாளித்துவிட்டால் நேம் பிளேட் குறுக்கே நிற்கும்.

நேம் பிளேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் வழுக்கி விழுந்த இடம் அது.

நம் நாட்டில் மூன்று பேஸ் என்றால் 415 வோல்ட். 2 எச்.பி. வரைக்கும் மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டாரில் கட்டி வரும், 3 எச்.பி.யிலிருந்து டெல்டா. ஒற்றை பேஸ் டிரைவோ 230 வோல்ட்டுக்கு மேல் தராது. ஸ்டாரில் இருக்கும் சின்ன மோட்டாரை டெல்டாவாக மாற்றிக் கட்டினால் அது 240 வோல்ட் மோட்டார் ஆகிவிடும், டிரைவுக்குச் சரியாகப் பொருந்தும். ஏற்கெனவே 415-க்கு டெல்டாவில் இருக்கும் 3 எச்.பி. மோட்டாரை இதற்கு மேல் மாற்ற வழியில்லை. காயிலையே பிரித்துக் கட்ட வேண்டும். 'பெரிய மோட்டார் போட்டுக்கோங்க' என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இந்தப் பிளேட்டைப் படித்ததில்லை.

9 வருடத்துக்கு முன்னால் நானும் படிக்கவில்லை. மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தேன், மூன்று ஒயர் வெளியே வந்திருந்தது, டிரைவிலும் மூன்று ஒயர், மாட்டினேன். வெறும் சக் அழகாகச் சுற்றியது. கேஸட் பிளேயர் மாதிரிச் சத்தமே இல்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். 20 மில்லி ராடில் அரை மில்லி வெட்டு வைத்தேன், நின்றுவிட்டது. டிரைவ் மட்டம் என்று முடிவு செய்து, விற்றவரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். கணபதியில் காயில் கட்டுகிற ஒரு பெரியவர்தான் மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, ஸ்டாரு முடிச்சு உள்ளயே கெடக்குது, நீங்க வெளிய தேடுனா எப்படிங்க?"

காயில் முனையில், வார்னிஷும் நாடாவும் சுற்றிய கட்டுக்கு அடியில், மூன்று சுற்றுகளின் கடைசி முனைகளையும் முறுக்கிப் பற்றவைத்து மூடியிருந்தார்கள். பாதிக்குச் சற்று மேல் வோல்ட்டில் ஓடிய மோட்டாருக்கு டார்க் மூன்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. பெரியவர் அந்த இடத்தைச் சூடு காட்டி இளக்கி, கட்டைப் பிரித்து, ஒவ்வொரு முனைக்கும் புது ஒயர் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு வெளியே எடுத்தார். ஆறு ஒயர். எது ஆரம்பம், எது முடிவு என்று பேட்டரியும் மீட்டரும் வைத்துப் பார்த்துக் குறி போட்டார். ஒரு சுற்று தலைகீழாகப் போய்விட்டால் மோட்டார் உறுமிக்கொண்டு கரண்டைக் குடிக்கும். பிறகு டெல்டா. பிளேட்டில் 1.8 ஆம்பியர் என்று இருந்தது இப்போது 3.1 ஆனது. அந்த எண்ணை டிரைவின் செட்டிங்கில் போடச் சொல்லி என்னை அனுப்பினார். போடாவிட்டால் ஓவர்லோடு காவல் வெறும் பேச்சு. இந்த மோட்டாரைப் பத்து நிமிட வேலை என்றவர் ஒருவராவது திறந்து பார்த்திருப்பாரா?

1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. இங்கே காயில் கட்டத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டாம். அவரிடம் போவதற்கு முன்னால் டிரைவ் வாங்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. கப்பாசிட்டர் வைத்த ஒற்றை பேஸ் மோட்டாருக்கு இந்த டிரைவை வாங்கி வந்து விழிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரே வரி: அது ஓடாது, மோட்டாரை மாற்றுங்கள்.

இனி அந்த 'ஐந்து ஒயர்'. பழைய லேத்தில் ஃபார்வர்டு, ரிவர்ஸுக்கு ஒரு டிரம் சுவிட்ச் இருக்கும். மாட்டித் தருகிறவர் அதை அப்படியே விட்டுவிட்டு, டிரைவிலிருந்து வரும் மூன்று ஒயரை அதற்குள் விட்டு மோட்டாருக்குக் கொண்டுபோவார். டிரைவ் ஓடும்போது அந்தச் சுவிட்சைத் திருப்பினால் உள்ளே பொறி, டிரைவுக்குள் அடி. திரும்ப மூடினால் ஓவர் கரண்ட். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. திசை மாற்றச் சின்னக் கட்டளை ஒயர்கள் டிரைவிலேயே தனியாக இருக்கின்றன. டிரம் சுவிட்சை அந்த ஒயர்களுக்குப் பயன்படுத்தலாமா என்றால், அதன் கறுத்துப்போன பித்தளை முனைகள் 24 வோல்ட்டில் சில மில்லி ஆம்பியரைச் சரியாகக் கடத்தாது. ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. புது சுவிட்ச் வாங்குங்கள், சில நூறு ரூபாய்க்குப் பார்க்க வேண்டாம்.

எந்த சுவிட்ச் என்பதும் முக்கியம். பழைய ஸ்டார்ட்டரில் பச்சை, சிவப்புப் பொத்தான். கரண்ட் போனால் உள்ளே காயில் விட்டுவிடும். கரண்ட் வந்தாலும் நீங்கள் பச்சையை அமுக்காமல் லேத் சுற்றாது. நம் ஊருக்கென்றே செய்த ஏற்பாடு மாதிரி. டிரைவ் போடுகிறவர்கள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேலே தள்ளினால் அங்கேயே நிற்கிற ஒரு டாகிள் சுவிட்சை வைக்கிறார்கள். சாயங்காலம் கரண்ட் போகிறது. இருட்டில் சக்கில் சிக்கிய சுருளைக் கையால் எடுக்கிறீர்கள், சக் சாவியைக்கூட மாட்டி வைத்திருக்கலாம். டாகிள் ஃபார்வர்டிலேயே இருக்கிறது. கரண்ட் வருகிறது. அப்போது டிரைவ் என்ன செய்யும் என்பது அதன் உள்ளே எங்கோ ஒரு செட்டிங்கில் இருக்கிறது. தம்பியிடம் அதைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. மெயினை அணைத்துப் போட்டுக் காட்டச் சொன்னேன். டிஸ்ப்ளே கண் சிமிட்டியது, இரண்டு நொடியில் சக் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. ஷெட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பொத்தான் வைத்து மூன்று ஒயர் கட்டளை முறையில் கட்டினால் பழைய ஸ்டார்ட்டரின் குணம் திரும்ப வந்துவிடும். அதற்கு வேண்டியது இன்னும் இரண்டு ஒயரும் மேனுவலில் ஒரு பக்கத்தைப் படிக்கிற பொறுமையும்.

அடுத்து, தம்பியின் லேத் பெட்டின் மேல் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்திருக்கிறது. டிரைவில் இரைச்சல் வடிகட்டி ஒன்று உண்டு. அது கொஞ்சம் கரண்டை எப்போதும் எர்த்துக்குக் கசியவிடும். ஆன் செய்யும்போதெல்லாம் ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கிறது. வந்த எலக்ட்ரீஷியன் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டார். "எர்த்த எடுத்துட்டாப் பாருங்க, ட்ரிப்பே ஆகாது" என்று சொல்லிவிட்டுக் காசும் வாங்கிப் போயிருக்கிறார். ட்ரிப் ஆகவில்லைதான். எர்த்துக்குப் போக வேண்டிய கசிவு இரும்பு உடம்பிலேயே தங்கி, ஆள் தொட்டால் அவர் வழியாகப் போகக் காத்திருந்தது. ஈரக் கையோடு தொட்டால் 'சுர்' என்று ஒரு சின்ன உணர்வு வருகிறது, டிரைவ் என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று தம்பி நினைத்திருந்தார். எர்த் லேத் உடம்புக்கும் மோட்டாருக்கும் டிரைவுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். ஆர்.சி.சி.பி. விழுந்தால் டிரைவுக்கென்று தனி லைன் இழுத்து, டிரைவ் மேனுவல் சொல்கிற வகை ஆர்.சி.சி.பி.யை அந்த லைனில் போட வேண்டும். சாதாரண ஏ.சி. வகை, டி.சி. கலந்த கசிவைப் பார்க்காமல் விட்டுவிடலாம். மெயினை அணைத்த பிறகும் உள்ளே 325 வோல்ட் சில நிமிடம் உயிரோடு இருக்கும் என்பதையும் இவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

பிரேக் விஷயம் ஒன்று பாக்கி. டிரைவில் ஒரு நொடியில் நிற்கும்படி செட் செய்யலாம். பார்க்க ஜோராக இருக்கும். நம் பழைய லேத்துகளில் சக் ஸ்பிண்டிலில் மரையாக ஏறி நிற்கிறது. ஸ்பிண்டில் சட்டென்று நிற்க, 15 கிலோ சக் தன் வேகத்திலேயே சுற்ற நினைக்கும். மரை கழன்று சக் மடியில் வந்து விழும். வேகமாக ரிவர்ஸ் போட்டாலும் அதே கதி. நான் நிற்கும் நேரத்தை 4 நொடிக்கு வைத்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, எதற்காக டிரைவ்? முகம் கடையும்போது டூல் நடுவை நோக்கிப் போகப் போகக் குமிழை மெல்ல ஏற்றிக்கொண்டே போகலாம். வெளியிலிருந்து நடுவரை ஒரே பளபளப்பு. மெல்லிய ராடு அலறினால் வேகத்தில் இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் மாற்றினால் அலறல் அடங்கிவிடும். பெல்ட்டில் அது முடியவே முடியாது. ஒற்றை பேஸ் மோட்டார் நொடிக்கு 100 தடவை துடிப்பது, நல்ல ஃபினிஷில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வரியாகத் தெரியும். மூன்று பேஸில் அது இல்லை. டிரைவ் போட்டால் மோட்டார் இன்சுலேஷன் வெந்துவிடும் என்று பயமுறுத்துகிற பழைய ஆட்களையும் நான் ஏற்பதில்லை: 415 வோல்ட்டுக்குக் கட்டிய காயில் தினமும் 587 வோல்ட் உச்சத்தைப் பார்க்கிறது, 230 வோல்ட் டிரைவின் 325, ஒன்றரை மீட்டர் ஒயரில் அதை ஒன்றும் செய்துவிடாது. கியர் என்ன வேகம் தருகிறதோ அதற்குக் கொஞ்சம் கீழேயும் மேலேயும் விளையாட டிரைவ். என்னுடையதில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 70-க்கு மேலும் போகாதபடி பூட்டியே வைத்திருக்கிறேன். 50-ஐத் தாண்டினாலே டார்க் விழத் தொடங்கும், அதோடு 70-க்கு மேல் சுற்ற என் வார்ப்பிரும்புச் சக் பிறந்ததில்லை.

தம்பி போன வாரம் கூப்பிட்டார். எர்த் போட்டாகிவிட்டது, பொத்தானும் மாற்றியாகிவிட்டது. உக்கடத்துக் கடைக்குப் போயிருக்கிறார். ஷாஃப்டும் ஒரு சின்னச் சக்கரமும் மூலையிலேயே கிடந்தனவாம். பெரிய சக்கரத்தைக் கரும்பு ஜூஸ் வண்டிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

"உங்களுதுல பல்லு எண்ணிச் சொல்றீங்களா, அண்ணா? ஆவாரம்பாளையத்துல கியர் வெட்டித் தர்றேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு."

மூடியைத் திறந்து ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன். 55. வெர்னியர் வெளி விட்டத்தை 114 மில்லி என்று காட்டியது. மாட்யூல் 2 என்று சேர்த்து எழுதி அனுப்பினேன்.